வெட்டி ஒட்டிய சிரிப்பு

வஹீதுன்னிசாவுக்குப் போட்டி என்று எதைக் காட்டினாலும் போதும், உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்துவிடுவாள். கிரிக்கெட்டும் கபடியும்தான் என்றில்லை. பூந்தமல்லி பஸ் நிலையத்தில் எந்த பஸ் முதலில் கிளம்புவது என்று இரண்டு கண்டக்டர்கள் வாக்குவாதம் செய்தாலும் நின்று, ஒருவர் பக்கம் சேர்ந்துகொண்டு, முடிவு தெரிந்த பிறகுதான் நகர்வாள். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. வீட்டு முன்னறையில் நைட்டியும் சுடிதார் துணியும் விற்கிறாள். கணவன் பஷீருதீனுக்கு டிரங்க் ரோட்டில் ஆட்டோவுக்கும் காருக்கும் சீட் கவர் தைக்கிற கடை. மூத்தவள் ஹிபா பத்தாம் வகுப்பு, சின்னவள் இனாயா நான்காம் வகுப்பு.

நால்வருக்கும் பொதுவாக ஒரு பைத்தியம் பிடித்தது 'நட்சத்திரக் களம்' வந்த பிறகுதான். சினிமாவிலும் சீரியலிலும் நடிப்பவர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து விளையாடும் போட்டி. வழுக்குச் சுவர் ஏறுவார்கள், சேற்றுக் குளத்தைத் தாண்டுவார்கள், கயிறு இழுப்பார்கள். தோற்றவர் பையைத் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டும். சனிக்கிழமை மாலை மஃரிப் தொழுகை முடித்துப் பஷீருதீன் வீட்டுக்குள் காலெடுத்து வைக்கும்போது சோபாவில் இடம் இருக்காது. வஹீதுன்னிசா நின்றுகொண்டேதான் பார்ப்பாள். கையில் ரிமோட் இருக்கும்.

அந்த ரிமோட்டில்தான் சிக்கல். போட்டியை நடத்துகிற பூபாலன் நல்ல சிரிப்பு நடிகன். ஆனால் பெண்கள் விளையாட வந்தால் அவன் வாய் வேறு மாதிரி ஆகிவிடும். ஒருத்தி குனிந்தால் ஒரு சொல், வழுக்கினால் இன்னொரு சொல். கேமராவும் அவனோடு சேர்ந்துகொண்டு, நனைந்த உடையை மெதுவாகக் காட்டும். பஷீருதீனுக்கு உடனே தண்ணீர் தாகம் எடுக்கும், அடுக்களைக்குப் போய்விடுவான். பூபாலனின் இடது புருவம் மேலே ஏறினால் ஏதோ வரப்போகிறது என்று வஹீதுன்னிசாவுக்குத் தெரியும். புருவம் ஏறுவதற்கும் அவள் சத்தத்தை நிறுத்துவதற்கும் சரியாக இருக்கும். சில சமயம் சேனலையே மாற்றி, அங்கே யாரோ வெண்டைக்காய் நறுக்குவதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவார்கள். அதற்குள் ஆட்டம் முடிந்திருக்கும்.

ஒரு சனிக்கிழமை ஹிபா பொறுக்க முடியாமல் கேட்டாள்.

"அம்மா, ஆம்பளைங்க ஏறும்போது முழுசா பாக்கறோம். பொம்பளைங்க ஏறும்போது மட்டும் வெண்டைக்கா பாக்கறோம். போன வாரம் கிருஷ்ணப்பிரியா ஜெயிச்சத நான் ஸ்கூல்ல கேட்டுதான் தெரிஞ்சிகினேன்."

"அவன் பேசறது காதுல வுழக் கூடாதுன்னுதான் மாத்தறேன்."

"பேசறது அவன். நாம அவள பாக்காம உடறோம்."

கிருஷ்ணப்பிரியா ஒரு சீரியலில் வில்லியாக வருகிறவள். உயரமானவள், கொஞ்சம் பூசினாற்போன்ற உடம்பு. களத்தில் இறங்கினால் விட்டுக்கொடுக்கவே மாட்டாள். அவள் ஆட்டத்தைப் பார்க்க வஹீதுன்னிசாவுக்கும் ஆசைதான்.

இந்தச் சமயத்தில்தான் எதிர்வீட்டுக் கஸ்தூரி வந்தாள். டிவி நிகழ்ச்சிகளுக்குப் பார்வையாளர்களைச் சேர்த்து அழைத்துப் போவது அவள் வேலை.

"அக்கா, 'நட்சத்திரக் களம்' அரையிறுதி நம்ம பக்கத்துலதான் ஷூட்டிங். முன்வரிசையில குடும்பமா உக்கார ஆள் கேக்கறாங்க. நீங்க நாலு பேரும் வர்றீங்களா?"

இனாயா அதற்குள் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டாள். ஷூட்டிங் ஞாயிற்றுக்கிழமைதான் என்று சொல்லி அவளை உட்கார வைக்க வேண்டியிருந்தது. பஷீருதீன் கேட்டான், "இன்னா வஹீதா, அவன் கண்டதையும் பேசுவானே?"

"நேர்ல அவ்ளோ பேர் எதிர்ல பேசுவானா? கிருஷ்ணப்பிரியா ஏறுறத கண்ணால பாத்துகினு வரலாம்."

ஞாயிறு காலை பஸ் நிலையத்துக்கு வெளியே வேன் நின்றது. மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்திருந்த சாலையில் வேன் ஊர்ந்து போனது. இனாயா ஜன்னலோரம் உட்கார்ந்து, எதிரே வந்த எல்லாக் கார்களிலும் நட்சத்திரங்களைத் தேடினாள். பெரிய கொட்டகைக்குள் நுழைந்ததும் ஹிபா நிமிர்ந்து பார்த்தபடியே நின்றுவிட்டாள். டிவியில் சின்னதாகத் தெரிந்த சுவர் இரண்டு மாடி உயரத்துக்குச் சாய்ந்து நின்றது. மேலே சிவப்பு மணி. கீழே உண்மையான சேறு. அதன் வாசனைகூட வந்தது.

"அம்மா, இதுல எப்டிம்மா ஏறுறாங்க?"

"அதத்தான நானும் பாக்கறேன். யா அல்லாஹ், இன்னா ஒசரம்."

நாகப்பன் என்பவர் பார்வையாளர்களுக்குப் பாடம் எடுத்தார். அவர் வலது கையைத் தூக்கினால் கைதட்ட வேண்டும். இரண்டு கையையும் தூக்கினால் சிரிக்க வேண்டும். எதற்கு என்று கேட்கக் கூடாது. எல்லோரும் இரண்டு முறை வெறுமனே சிரித்துப் பழகினார்கள். இனாயாவுக்கு அது மிகவும் பிடித்திருந்தது. அவள் சிரிப்பதைப் பார்த்துப் பஷீருதீனும் நிஜமாகவே சிரித்தான்.

ஆட்டம் தொடங்கியதும் வஹீதுன்னிசாவுக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. பச்சை அணியில் கிருஷ்ணப்பிரியா. எதிரே நீல அணிக்காரி சுவரில் பாதி ஏறி விழுந்துவிட்டாள். கிருஷ்ணப்பிரியா ஓடி வந்தாள், பாய்ந்தாள், சுவர் உச்சியிலிருந்த கைப்பிடிக் கட்டையை விரல்நுனி தொட்டது, நழுவிச் சேற்றில் விழுந்தாள். இரண்டாவது தடவையும் அப்படியே. ஒருவருக்கு மூன்று வாய்ப்புதான். முகத்தில் வழிந்த சேற்றை அவள் துடைத்துக்கொண்டிருந்தபோது பூபாலனின் புருவம் ஏறியது.

வஹீதுன்னிசாவின் கட்டைவிரல் மடியில் தானாக அழுந்தியது. அங்கே ரிமோட் இல்லை.

"சுவருதான்மா வழுக்குது. நான் வழுக்க மாட்டேன். என் மேல ஏறிக்கோ."

நாகப்பனின் இரண்டு கைகளும் மேலே போயின. கொட்டகை சிரித்தது. கிருஷ்ணப்பிரியாவும் உதட்டை மட்டும் விரித்து வைத்தாள். ஹிபா குனிந்து தன் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பஷீருதீன் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திருகி மூடினான்.

கேமரா அவர்கள் குடும்பத்தைத்தான் பிடித்திருந்தது. நாகப்பன் வந்து, "அம்மா, நீங்க சிரிக்கல. ஒரு தடவ மறுபடி எடுக்கறோம்," என்றார். பூபாலன் அதே வரியை மறுபடி சொன்னான். அவள் சிரிக்கவில்லை. மூன்றாவது முறையும் சொன்னான். கைகள் தூக்கப்பட்டன. வஹீதுன்னிசா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு என்னம்மா பிரச்சன?" நாகப்பன் குரல் உயர்ந்தது.

"பிரச்சன ஒண்ணும் இல்ல சார். வெளையாட்டுக்குக் கைதட்டச் சொன்னீங்க, கை செவக்க தட்னேன். இதுக்கு சிரிப்பு வரல. ஊட்ல இது வந்தா மியூட் போட்டுருவேன். இங்க மியூட் எங்க கீதுன்னு தெரியல."

பின்வரிசைகளில் ஒரு சிரிப்பு கிளம்பியது. யாரும் கையைத் தூக்காமலேயே அது கொட்டகை முழுக்கப் பரவியது. பூபாலனுக்குக் காது சிவந்தது. கஸ்தூரி ஓடி வந்து வஹீதுன்னிசாவின் காதில் கிசுகிசுத்தாள்.

"அக்கா, என் பொழப்புக்கா இது. எனக்காக கொஞ்சம் அனுசரிச்சிக்கோங்க."

அதைக் கேட்டதும் வஹீதுன்னிசாவுக்குச் சங்கடமாகிவிட்டது. கஸ்தூரியின் கையைப் பிடித்து, "நான் பின்னால போய்டறேன்டி. நீ கவலப்படாத," என்று சொல்லி எழுந்தாள். குடும்பம் முழுவதும் கடைசி வரிசைக்கு மாறியது. அந்த இடத்தில் வெளிச்சம்கூட சரியாக இல்லை.

மூன்றாவது வாய்ப்பு. கிருஷ்ணப்பிரியா வழக்கத்தைவிடப் பின்னால் போய் நின்றாள். ஓடத் தொடங்கியதும் வஹீதுன்னிசா பெஞ்சு மேலேயே ஏறிவிட்டாள்.

"ஏறு பிரியா, ஏறு!"

டிரங்க் ரோட்டு இரைச்சலில் பக்கத்துக் கடைவரை கேட்கிற குரல் அது. ஹிபாவும் சேர்ந்துகொண்டாள். அந்த வரிசை, அடுத்த வரிசை என்று பரவிக் கொட்டகையே கத்தியது. பூபாலன் ஏதோ சொல்ல மைக்கைத் தூக்கினான், யாருக்கும் கேட்கவில்லை. சத்தத்தை நிறுத்தச் சொல்லி நாகப்பன் கையை ஆட்டினார், ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை. கிருஷ்ணப்பிரியாவின் ஒரு கை கட்டையைப் பிடித்தது. தொங்கினாள். கால் வழுக்கியது, மறுபடி ஊன்றினாள். இன்னொரு கையும் பிடித்தது. வயிறு சுவரில் உரச, மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே புரண்டாள். மணி அடித்தது.

வஹீதுன்னிசா தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். தன் வீட்டுப் பெண் ஜெயித்ததுபோல் இருந்தது அவளுக்கு. சத்தம் வந்த பக்கம் ஒரு கேமரா திரும்பியிருந்ததை அவள் கவனிக்கவில்லை.

அதோடு முடியவில்லை. அடுத்தது பச்சைக்கும் நீலத்துக்கும் கயிறு இழுக்கும் போட்டி. பச்சை அணியில் ஒருத்திக்குக் கணுக்கால் பிசகியிருந்தது. ஒரு ஆள் குறைகிறதே என்று மேடையில் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். பார்வையாளர்களில் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று யாரோ சொன்னார்கள். கிருஷ்ணப்பிரியா மைக்கைக் கையில் வாங்கினாள்.

"கடைசி வரிசையில ஒரு அக்கா கத்தினாங்க. அவங்க வரட்டும். அந்தக் குரலுக்கே பாதி பலம் இருக்கு."

வஹீதுன்னிசா திரும்பிக் கணவனைப் பார்த்தாள். கறுப்பு புர்காவில், அத்தனை கேமராவுக்கு முன்னால். பஷீருதீன் அவள் காலைப் பார்த்தான்.

"செருப்ப கழட்டி வெச்சிட்டு போ. சேத்துல வழுக்கும்," என்றான்.

அவளைக் கயிற்றின் கடைசியில் நிறுத்தினார்கள். முதல் சுற்றில் என்ன நடந்தது என்று புரிவதற்குள் தோற்றுவிட்டார்கள். இரண்டாவதில் அவள் குதிகாலைச் சேற்றில் புதைத்து, "இப்போ, இப்போ" என்று கத்த, முன்னாலிருந்தவர்கள் அந்தத் தாளத்துக்கு இழுக்க, நீல அணி மொத்தமாக முன்னால் வந்து விழுந்தது. கொட்டகை எழுந்து நின்றது. மூன்றாவது சுற்று இழுபறி. அங்கும் நகராமல் இங்கும் நகராமல் கயிறு அதிர்ந்துகொண்டே நின்றது. உள்ளங்கை எரிந்தது. இனாயாவின் கீச்சுக் குரல் தனியாகக் கேட்டது. பிறகு பச்சை அணியில் யாருக்கோ கால் வழுக்கியது. அடுத்த கணம் வஹீதுன்னிசா முகம் குப்புறச் சேற்றில் கிடந்தாள்.

தோல்விதான். ஆனால் கிருஷ்ணப்பிரியா அவளைத் தூக்கி நிறுத்திக் கட்டிக்கொண்டபோது இரண்டு பேருமே தோற்றவர்கள் மாதிரி இல்லை. சுவரேற்றத்தில் எடுத்த மதிப்பெண்ணால் கிருஷ்ணப்பிரியா இறுதிப் போட்டிக்குத் தேர்வாகியிருந்தாள். வேனில் திரும்பும்போது டிரைவர் வஹீதுன்னிசாவின் இருக்கையில் செய்தித்தாள் விரித்துக் கொடுத்தார். காய்ந்த சேற்றோடு அவள் மூன்றாவது சுற்றை ஆரம்பத்திலிருந்து மறுபடி மறுபடி சொல்லிக்கொண்டு வந்தாள்.

அடுத்த சனிக்கிழமை அவள் வீட்டில் நிற்க இடமில்லை. தெருப் பெண்கள் பாதிப் பேர் வந்துவிட்டார்கள். கஸ்தூரி பஜ்ஜி போட்டுக்கொண்டு வந்தாள். சுவர் வந்தது. கிருஷ்ணப்பிரியா இரண்டு முறை விழுந்தாள். பூபாலனின் புருவம் ஏறியது. இந்த முறை வஹீதுன்னிசா ரிமோட்டைத் தொடவில்லை. அத்தனை நடந்த பிறகு அதை எடுத்திருப்பார்கள் என்று நம்பினாள்.

எடுக்கவில்லை. "என் மேல ஏறிக்கோ" என்றான் பூபாலன். அடுத்த காட்சியில் திரை முழுக்க வஹீதுன்னிசாவின் முகம். தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணில் நீர் வர, அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மணி அடித்தபோது சிரித்த சிரிப்பு அது. அதை வெட்டி எடுத்து அங்கே ஒட்டியிருந்தார்கள்.

"அம்மா, நீ இதுக்கு சிரிக்கவே இல்லியே," என்றாள் இனாயா.

கொஞ்ச நேரத்தில் கயிறு இழுக்கும் காட்சி வந்தது. தெருவே ஆர்ப்பரித்தது. நீல அணி விழுந்ததும் பஜ்ஜித் தட்டு கவிழ்ந்தது. வஹீதுன்னிசாவும் தன்னையே பார்த்துக் கைதட்டினாள். ஆனால் உள்ளே அந்தச் சிரிப்பு முள்போல் குத்திக்கொண்டே இருந்தது. எல்லோரும் போன பிறகு கஸ்தூரிதான் முதலில் பேசினாள். அவள் முகம் கோபத்தில் சிவந்திருந்தது.

"அன்னிக்கி உங்கள அனுசரிக்கச் சொன்னதே நான்தான்க்கா. இப்ப நானே கேக்கறேன்." அங்கேயே நாகப்பனுக்குப் போன் போட்டு எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"எடிட்டிங்ல நடந்தது. எனக்குத் தெரியாதும்மா," என்றார் நாகப்பன்.

வஹீதுன்னிசா போனை வாங்கினாள். "சார், முன்னாலிருந்து எந்திரிச்சி போனது அதுக்கு சிரிக்க மாட்டேன்னுதான். என் சிரிப்ப கொண்டுபோய் அதுக்கே வெச்சா, என் பொண்ணுங்க மூஞ்சிய நான் எப்டி பாக்கறது?"

அவர் பார்க்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டார். அவர் பார்ப்பார் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. ஒரு வீடியோ எடுத்துப் போடலாம் என்றாள் ஹிபா. பஷீருதீன் தயங்கினான். கயிறு இழுத்ததற்கே நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள்.

"இன்னாங்க சொல்றீங்க?" என்றாள் வஹீதுன்னிசா.

"பேச வேணாம்னு தோணுது. ஆனா பேசலன்னா நீ தூங்க மாட்ட," என்று சொல்லிவிட்டுப் போனை அவனே பிடித்தான்.

அவள் நீளமாகப் பேசவில்லை. "நான் பூந்தமல்லி வஹீதுன்னிசா. அந்தச் சிரிப்பு என்னோடதுதான். கிருஷ்ணப்பிரியா மணி அடிச்சதுக்கு சிரிச்சது. அந்தப் பேச்சுக்கு இல்ல. வெளையாட்டு ரொம்ப நல்லா கீது. எங்க ஊட்ல நாலு பேரும் ஒண்ணா உக்காந்து பாக்கற ஒரே நிகழ்ச்சி இதான். அத எங்கள பாக்க உடுங்க."

தெருப் பெண்களின் வாட்ஸப் குழுவில் போட்ட வீடியோ, கஸ்தூரியின் தங்கை வழியாக ஆவடி குவார்ட்டர்ஸுக்குப் போனது. அங்கிருந்து அம்பத்தூர், முகப்பேர். காலையில் பால் வாங்கப் போன பஷீருதீனிடம் கடைக்காரர் அதைக் காட்டினார். எங்கள் வீட்டிலும் இதே கதைதான், நாங்களும் அந்த இடத்தில் சத்தத்தை நிறுத்திவிடுகிறோம் என்று முகம் தெரியாத பெண்கள் எழுதியிருந்தார்கள். ஒரு சிலர், பெண்கள் போய்க் கயிறு இழுப்பதே தப்பு என்றும் எழுதினார்கள். வஹீதுன்னிசா அதையும் படித்தாள். "வந்து என் கூட இழுத்துப் பாக்கச் சொல்லு," என்றாள்.

ஞாயிறு மதியம் மறுஒளிபரப்பு. நால்வரும் சோற்றுத் தட்டோடு உட்கார்ந்தார்கள். கிருஷ்ணப்பிரியா இரண்டாவது முறை விழுந்தாள். முகத்தைத் துடைத்தாள். நேராக மூன்றாவது ஓட்டம் தொடங்கிவிட்டது. பூபாலனின் பேச்சும் இல்லை, சிரிப்பும் இல்லை. வீடியோவைப் பார்த்து எடுத்தார்களா, வேறு யாராவது புகார் செய்தார்களா என்று யாருக்கும் தெரியாது. ஹிபா தட்டைக் கீழே வைத்துவிட்டு அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

சாயங்காலம் கஸ்தூரியின் போனுக்கு ஒரு குரல் செய்தி வந்தது. கிருஷ்ணப்பிரியா.

"அக்கா, அந்த மாதிரிப் பேச்சுக்கெல்லாம் நானே சிரிச்சு வெச்சிருக்கேன். சிரிக்கலன்னா அடுத்த தடவ கூப்பிட மாட்டாங்கன்னு பயம். அன்னிக்கி நீங்க சிரிக்காம உக்காந்திருந்தத நான் கீழேருந்து பாத்தேன். ஃபைனல் நல்லா பண்ணியிருக்கேன். பாருங்க. யார் ஜெயிச்சாங்கன்னு மட்டும் சொல்ல மாட்டேன்."

வஹீதுன்னிசா அதைத் தன் போனுக்கு அனுப்பச் சொல்லி எத்தனை முறை கேட்டாள் என்று கணக்கில்லை. நைட்டி வாங்க வந்தவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டினாள்.

இறுதிப் போட்டிச் சனிக்கிழமை. கூட்டம் இன்னும் அதிகம். பூபாலன் வந்தான். வழக்கத்தைவிட அடங்கியே பேசினான். இடையில் பழைய பழக்கத்தில் ஒரு சொல் நழுவியது. வஹீதுன்னிசா வாய் திறப்பதற்குள், "இதுக்கு சிரிப்பு வரல," என்றாள் இனாயா, பெரிய மனுஷி மாதிரி. அறை முழுக்கச் சிரித்தது. பஷீருதீன் எழுந்து போகவில்லை. ஆட்டம் தொடர்ந்தது, யாரும் ஒரு நொடியையும் தவறவிடவில்லை.

கடைசி ஓட்டம். சேற்றுக் குளம், வலை, சுவர், மணி. கிருஷ்ணப்பிரியாவும் நீல அணிக்காரியும் ஒன்றாகக் கிளம்பினார்கள். குளத்தில் கிருஷ்ணப்பிரியா பின்தங்கினாள். வலையைத் தாண்டும்போது அவளை எட்டிவிட்டாள். இரண்டு பேரும் தோளோடு தோள் உரசச் சுவரை நோக்கி ஓடினார்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள்.

கரண்ட் போய்விட்டது.

தெரு முழுக்க ஒரே நேரத்தில் ஐயோ என்றது. "யாராவது போன எடு, போன எடு," என்று இருட்டில் வஹீதுன்னிசா கத்தினாள். ஹிபா போனில் நிகழ்ச்சியைத் தேடினாள். அத்தனை தலைகளும் ஒரு சின்னத் திரை மேல் குவிந்தன. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கரண்ட் போகாத அடுத்த தெருவிலிருந்து பெரிய கூச்சல் எழுந்தது. அது சந்தோஷமா துக்கமா என்று பிடிபடவில்லை.

"யாரு, யாரு ஏறுனாங்க?" ஜன்னல் வழியாக வஹீதுன்னிசா குரல் கொடுத்தாள். பதில் வருவதற்குள் போன் திரை விழித்துக்கொண்டது. சுவர் உச்சியில் ஒரு சேற்றுக் கை எழுந்தது. மணிக் கயிற்றைப் பிடித்து இழுத்தது. முகம் திரும்பியது.

பச்சை அணி.

எண்ணெய்ச் சட்டி இருந்த அடுப்பை அணைத்துவிட்டு வர எதிர்வீட்டுக்குப் போயிருந்த கஸ்தூரி, இருட்டில் தடவிக்கொண்டு ஓடி வந்தாள். "இன்னாக்கா ஆச்சு? யாரு ஜெயிச்சது? யாராவது சொல்லுங்களேன்," என்று வாசலில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தாள். உள்ளே எல்லோரும் குதித்துக்கொண்டிருந்ததில் அவள் கேட்டது யார் காதிலும் விழவில்லை.